அவிஸ் காத்த இருபத்தெட்டு நாள்

அவிஸ் பாப்ஜாய்க்குக் கோபம் பிறவிக் குணமில்லை. அவளுடைய அக்காமார் மூன்று பேரும் சண்டைக்காரிகள். மூத்தவள் ஹெஸ்டர், மாமியாரைக் கிணற்றடியில் ஈரத்துணியால் அடித்தவள். கடைக்குட்டி அவிஸ்தான் சாது. பதினெட்டு வயதில் சுமைக்குதிரைக்காரன் ஹம்ஃப்ரியைக் கட்டிக்கொண்டு வில்ட்ஷயரில் இந்த ஊருக்கு வந்தாள். நாற்பத்திரண்டில் அவனைப் புதைத்தாள். அவன் விட்டுப்போன இரண்டு குதிரைகளில் நெசவாளிகளின் துணிப்பொதியை ஏற்றி அனுப்பி, மகள் டாமரிஸையும் மருமகனையும் வைத்துக்கொண்டு பிழைத்தாள். அவளைக் கோபக்காரி ஆக்கினது ராஜாதான்.

அந்த ராஜா பார்லிமெண்டைக் கலைத்து, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்க ஆளில்லை. அவர் வாயிலிருந்து விழுந்ததெல்லாம் சட்டம். பீரங்கிக்கு வெடிமருந்து வேண்டும், வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். அது மாடும் குதிரையும் மனுஷனும் ஒன்றுக்குப் போய் ஊறின பழைய மண்ணில்தான் விளையும். ஆகவே அந்த மண்ணெல்லாம் ராஜாவுடையது. வெடியுப்புக்காரன் வந்து யார் வீட்டை வேண்டுமானாலும் தோண்டலாம். லாயத்தில் யாரும் கல் பாவக் கூடாது. மூத்திரத்தைச் சட்டியில் பிடித்து வைக்கச் சொல்லிக்கூட ஒருமுறை உத்தரவு வந்தது. “இனிமே ராஜா பேரைச் சொல்லிட்டுத்தான் குத்த வைக்கணும்” என்று பீர்க்கடையில் சிரித்தார்கள். சிரித்தவன் வீட்டிலும் மண்வெட்டி இறங்கியது.

அவிஸின் குதிரைகள் சேற்றில் நின்று நின்று குளம்பு அழுகி நொண்டின. குதிரை நொண்டினால் அடுப்பில் பூனை தூங்கும். ஹம்ஃப்ரி சுவர் கட்ட வெட்டிப் போட்டிருந்த கல்லை எடுத்து லாயம் முழுக்கப் பாவினாள். ஹம்ஃப்ரியின் அத்தை மகன் அம்ப்ரோஸ் டில்லுக்கு அந்த வருஷம் ஊர்க்காவல் முறை. அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“அண்ணி, இது குத்தம்.”

“குதிரை என்னுது. காலு அதோடது. கல்லு உங்க அண்ணன் வெட்டினது. இதுல ராஜா எங்கடா வந்தாரு?”

“நான் எதையும் பாக்கல” என்று அவன் போய்விட்டான்.

அடுத்த மார்ச்சில் டாமரிஸுக்குப் பெண் பிறந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இரண்டாவதற்குப் பிறகு அவளே பிழைத்தது பெரிது. அவளை உள்ளறையில் படுக்க வைத்து, ஜன்னலை அடைத்துக் கணப்பு மூட்டி, பீரில் மசாலாவும் முட்டையும் போட்டுக் காய்ச்சின கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு நாள் அப்படித்தான். காற்றுப் படக் கூடாது, தரையில் கால் வைக்கக் கூடாது, ஆம்பிளை யாரும் உள்ளே வரக் கூடாது. மாசம் முடிந்து தேவாலயத்துக்கு நடந்துபோய் நன்றி சொன்ன பிறகுதான் வெளியே நடமாடலாம். பெற்றவனே வாசலில் நின்றுதான் எட்டிப் பார்ப்பான்.

ஐந்தாம் நாள் ஸ்கீட் வந்தான். ராண்டால் ஸ்கீட், வெடியுப்புக்காரன். முத்திரை வைத்த காகிதம் ஒன்று, ஆள் நாலு, பீப்பாய் ஆறு. லாயத்தைத் திறந்தவன் கல்தரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். இரண்டு கல்லைப் பெயர்க்கச் சொல்லி, அடியிலிருந்த மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான். துப்பினான்.

“செத்த மண்ணு. ஒரு வருஷமா ஒரு சொட்டு இறங்கல. ராஜாவோட உப்பைத் திருடியிருக்க.”

“எங் குதிரை போற ஒண்ணுக்கு ராஜா வாரிசா?” என்றாள் அவிஸ்.

அவன் வீட்டுக்குள் புகுந்தான். அடுக்களை மண்ணை நக்கினான். பிறகு உள்ளறைக் கதவடியில் குனிந்து விரலால் கீறி நாக்கில் வைத்தான். கண் விரிந்தது. நூறு வருஷம் வெயில் மழை படாத தரை. தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளை பெற்று, பிள்ளை நனைத்த தரை.

“இங்கதான் இருக்கு. கதவைத் திற.”

குதிரைக் காலைக் காப்பாற்றப் போட்ட கல், கடைசியில் மகள் கட்டிலுக்கு அடியில் மண்வெட்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதே! அவிஸ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“எம் பொண்ணு பெத்து அஞ்சு நாளாகுது. மாசம் முடியட்டும், வா.”

“கட்டிலைத் தூக்கி முற்றத்துல போடு.”

“மார்ச் காத்துலயா? இதை எந்தப் பார்லிமெண்டு ஒத்துக்கிச்சு? எங்க அப்பன் காலத்துல ராஜாவுக்கு ஒண்ணு வேணும்னா நாலு பேரை உக்காத்தி வச்சுக் கேப்பாரு.”

“அந்தக் கதவை எல்லாம் சாத்தி எட்டு வருஷமாச்சு, கிழவி. இப்ப ராஜா கேக்க மாட்டாரு, சொல்லுவாரு.”

உள்ளேயிருந்து மருத்துவச்சி சிசிலியின் குரல் வந்தது: “யாருடா அது கதவை நக்குறது? பிள்ளை பெறவா வந்திருக்க? படுக்கை காலியில்ல, போயிட்டு அடுத்த வருஷம் வா!”

உள்ளே நாலைந்து பெண்கள் கெக்கலித்தார்கள். ஸ்கீட் முகம் சிவந்தான். ஆட்களைப் பார்த்து, “தள்ளுங்கடா” என்றான். ஒருத்தனும் அசையவில்லை. அவர்களில் நெட்டையாய் இருந்தவன் தொப்பியைக் கழற்றினான்.

“மன்னிக்கணும் ஐயா. மாசம் முடியாத அறைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். தெரிஞ்சா எம் பொண்டாட்டி செருப்பாலயே அடிப்பா.”

ஸ்கீட் அம்ப்ரோஸுக்கு ஆள் அனுப்பினான். ஊர்க்காவல்காரன் வந்து சாத்தின கதவைத் திறந்துவிட வேண்டும், அதுதான் முறை. அம்ப்ரோஸ் வியர்த்து வழிய நின்றான். அண்ணியைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான்.

“இந்தம்மா உத்தரவை மீறியிருக்குன்னா, அதை லண்டன்ல ராஜாவோட சபைதான் விசாரிக்கணும். அவங்க முடிவு வராம நான் கதவைத் தொட முடியாது” என்றான். சாகும்வரை அவன் பேசின ஒரே தைரியமான பேச்சு அதுதான்.

“லண்டனுக்கே போகட்டும்” என்றான் ஸ்கீட். போகும்போது குதிரை இரண்டையும் ராஜாவின் வண்டிக்கென்று அவிழ்த்துக்கொண்டு போனான்.

அதற்கு மூன்றாம் நாள் ஒரு சேவகன் வந்து அவிஸைக் கூட்டிப் போனான். லண்டனில் ராஜாவின் ஆலோசனை சபை வாசலில் அவளை நிறுத்தினபோது பிள்ளை பிறந்து பதின்மூன்றாம் நாள். ஒரு குமாஸ்தா வெளியே வந்தான்.

“மண்டி போட்டு மன்னிப்புக் கேளு. இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

எழுதப் படிக்கத் தெரியாதவள்தான்; ஆனால் இது புரிந்தது. மன்னிப்புக் கேட்டால் விவகாரம் முடிந்துவிடும். முடிந்தால் ஸ்கீட் கையில் உத்தரவு. உத்தரவு போனால் அம்ப்ரோஸ் திறந்துவிடுவான்.

“மாட்டேன்” என்றாள்.

சேவகன் வீட்டு மாடியில் அடைத்தார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்டார்கள். “இன்னைக்குத் தேதி என்னங்கய்யா?” என்பாள். சொன்னால், “மாட்டேன்” என்பாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். ராத்தங்கலுக்கும் ரொட்டிக்கும் அவளிடமே பணம் பிடுங்கினார்கள். அவளை அடைத்து வைத்ததற்கு அவளே வாடகை!

இருபத்தெட்டாம் நாள் மாலை அவளே கதவைத் தட்டினாள். மண்டியிட்டாள். சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

“என்ன, திடீர்னு ஞானம் வந்துருச்சு?” என்றான் குமாஸ்தா.

“எம் பொண்ணு இன்னைக்குக் காலையில கோயிலுக்கு நடந்து போயிருப்பா” என்று எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆறு நாள் நடந்து ஊர் வந்து சேர்ந்தாள். உத்தரவு குதிரையில் முந்திக்கொண்டது. உள்ளறை இடுப்பளவு பள்ளமாய்க் கிடந்தது. கட்டில் அடுக்களையில். லாயம் காலி. டாமரிஸ் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

“எல்லாம் போச்சேம்மா.”

“நீ நிக்கிறியே. கழுதை, அழாத” என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள் அவிஸ். குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்; சூடாக இருந்தது.

அம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். “நான்தான் திறந்துவிட்டேன் அண்ணி.”

“தெரியும்.”

அதன்பிறகு அவள் குதிரை வைக்கவில்லை; அடுத்தவர் கம்பளியை நூற்றுப் பிழைத்தாள். மூன்று வருஷம் கழித்து, ராஜா சண்டைக்குப் பணம் பற்றாமல் பார்லிமெண்டைக் கூப்பிட்டார். ஊர் ஆம்பிளைகள் வேண்டியவர் பேரைக் கத்தி ஆள் தேர்ந்தெடுக்க வில்டன் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள். பெண்களுக்கு அதில் பேச்சில்லை. அவிஸ் வழியில் நின்று அம்ப்ரோஸின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“அங்க போய் யாருக்குக் கத்துவ?”

“எல்லாரும் கத்துறவருக்குத்தான், அண்ணி.”

“கத்துறதுக்கு முன்னால அந்தாளுகிட்ட ஒண்ணு சொல்லு. எங்க கதவுக்குள்ள வர்றதுக்கு முன்னால எங்களைக் கேக்கணும். ராஜாவா இருந்தாலும் கேக்கணும், பார்லிமெண்டுல போய் உக்கார்றவங்களா இருந்தாலும் கேக்கணும். கேட்டா விடுவோமா மாட்டோமாங்கறது எங்க இஷ்டம். இதைச் சொல்லாம ஊருக்குத் திரும்பின, சொந்தம்னுகூடப் பாக்க மாட்டேன்.”

காலரை விட்டாள். அவன் சுருக்கத்தை நீவிக்கொண்டே நடந்தான். வளைவு திரும்பும் வரை அவள் வழியை விட்டு நகரவில்லை.