லோரி சீட்டுக்குப் பின்னால் நுழையும் கிட்டார்

சின்ன கிட்டார் விற்பவனுக்குப் பாதிப் பொழுது, அது விளையாட்டுச் சாமான் இல்லை என்று சொல்வதிலேயே கழிந்துவிடும். கடை வைத்து வாய் வலித்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கோலசிலாங்கூர் பட்டணத்தில் என்னுடையது பாதிக் கடை. இடது பாதியில் என் மனைவி கைப்பேசி உறை விற்கிறாள், வலது பாதியில் நான் கிட்டார் விற்கிறேன். எந்தப் பாதி ஓடுகிறது என்று நீங்கள் கேட்கவேண்டாம், நானும் சொல்லப்போவதில்லை. பெரிய கிட்டார் வேண்டுமென்பவர்கள் கிள்ளானுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் பயணத்தில் தூக்கிப்போகிற சின்னவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். முழு கிட்டாரில் முக்கால்வாசி இருக்கும், மடியில் அடக்கமாக உட்காரும்.

மோட்டார் கூடை

உலு யாமிலிருந்து ஒரு பாலர்பள்ளி ஆசிரியை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சனி ஞாயிறுகளில் தோழிகளோடு அருவிக்குப் போவாராம், அங்கே வாசிக்க ஒன்று வேண்டுமாம். அவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? மரத்தின் வகை, ஒலியின் குணம், கழுத்தின் அகலம் என்று இருபது நிமிடம் பேசினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நல்ல ரசிகை கிடைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பேசி முடித்ததும் அவர் கிட்டாரை வெளியே எடுத்துப்போய் மோட்டாரின் முன்கூடையில் நிறுத்திப் பார்த்தார். சரியாக நின்றது. வந்த வேலையே அதுதான் போலிருக்கிறது. திரும்பி வந்து சொன்னார்:

“கிட்டாரு சின்னதாதான் இருக்கு அண்ணே, உங்க பேச்சுதான் கூடையில அடங்காது லா.”

பஞ்சு

கரண்டு இல்லாமல் வாசிக்கிற கிட்டாரை மலாய்க்காரர்கள் ‘கிட்டார் கப்போக்’ என்பார்கள். கப்போக் என்றால் தலையணையில் அடைக்கிற இலவம்பஞ்சு. ஏன் அந்தப் பெயர் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பலகையில் எழுதி மாட்டியது என் தப்பு. ‘கப்போக் கிட்டார் கிடைக்கும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

தோட்டத்துக் கேண்டீனில் வேலை செய்யும் சரசு அதைப் படித்துவிட்டு ஒன்று வாங்கிப்போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். கிட்டார் கும்மென்று இருந்தது. தட்டினால் மெத்தையைத் தட்டுகிற சத்தம். “உள்ள பஞ்சே போடாம காலியா குடுத்துட்டீங்க. நானே ஒரு தலைகாணியப் பிரிச்சி அடைச்சிட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் மறதியை மன்னித்துவிட்டவர் போலத்தான் சொன்னார். நான் பெயர்க் கதையை விளக்கிவிட்டு, கம்பிகளைத் தளர்த்தி, அரை மணி நேரம் குச்சியால் பஞ்சை நோண்டி எடுத்தேன். என் மனைவியின் பாதிக்கடை வரைக்கும் பஞ்சு பறந்தது.

மறுபடி கம்பியை ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். ஒரு தடவை மீட்டினார். முகம் மாறிவிட்டது.

“இம்புட்டுச் சத்தமா? அந்தப் பஞ்ச மறுபடியும் உள்ள வச்சிருங்க அண்ணே. எங்க வீட்டுக்காரரு நைட் ஷிப்டு, பகல்லதான் தூங்குவாரு.”

சீட்டுக்குப் பின்னால்

முனியாண்டி ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடைக்குள் வந்தவர் கிட்டாரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கயிற்றால் அதன் நீளத்தை அளந்தார். லோரி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்கு அவர் எடுத்துவந்த அளவு அது. பாமாயில் மில்லில் வரிசையில் நின்றால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஆகுமாம். அந்த நேரத்தில் பழகவேண்டும் என்றார். ஒரே ஒரு பாட்டுப் போதும் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. யாரை மயக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்ட வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் மனைவி லெட்சுமி தோட்டத்துக் கோயிலில் பஜனை பாடுகிறவர். யார் சுருதி தப்பினாலும் கும்பல் நடுவிலேயே நிறுத்தித் திருத்திவிடுவாராம். நான்கு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. அன்றிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி மிஸி, அவருக்குப் பிடித்த பாட்டை வீட்டில் பாடிக்காட்டுங்கள் என்றிருக்கிறார். முனியாண்டிக்குப் பாடுகிற குரல் கிடையாது, அதனால்தான் கிட்டார்.

கிட்டாரால் பேச்சு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

“வருதோ வரலியோ அண்ணே. நான் பக்கத்துல உக்காந்தா அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுக்காம இருந்தா போதும்.”

ரொட்டி மாஸ்டரின் மனப்பாடம்

சனிக்கிழமை காலைகளில் முனியாண்டிக்கு நான் கற்றுக்கொடுத்தேன். மாரியம்மன் மீது ஒரு கோயில் பாட்டு, லெட்சுமி வழக்கமாகப் பாடுவது. மூன்றே கோர்டு, அதாவது மூன்று விரல்பிடிப்பு தெரிந்தால் போதும். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல் ஒரு கம்பியை அழுத்தினால் மூன்று கம்பி அடங்கியது. இரண்டாவது வரியில் ஒரு இடம் உண்டு, அங்கே வந்தால் தவறாமல் இடறுவார். உடனே முதலிலிருந்து ஆரம்பிப்பார். விட்ட இடத்திலிருந்து தொடர்வது அவர் பழக்கத்தில் இல்லை, லோரி வழியில் நின்றாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்புவீர்களா என்று நான் கேட்கவும் இல்லை.

பக்கத்தில் காசிம் பாய் உணவுக்கடை வைத்திருக்கிறார். ஆறாவது சனிக்கிழமை ஏப்ரனோடு வந்து வாசலில் நின்றார். முனியாண்டியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, என் ரொட்டி மாஸ்டரு இந்தோனேசியாக்காரன். அவனே இப்ப மாரியம்மன் பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் மாவு வீசறான், அதுவும் அந்த ரெண்டாவது வரியில நிப்பாட்டிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து.”

வெயில்

ஒரு புதன்கிழமை மதியம் முனியாண்டி கிட்டாரைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை பெயர்ந்து நின்றது. ஜன்னலை மூடிய லோரிக்குள் நடுப்பகல் வெயிலில் கிடந்தால் எந்தக் கிட்டாரும் அப்படித்தான் ஆகும். பசை போட்டு இறுக்கிவைத்து, இரண்டு நாள் கழித்துப் புதுக் கம்பி ஏற்றிக் கொடுத்தேன். இனிமேல் இது லோரியில் தங்கக்கூடாது, ராத்திரியோ பகலோ வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அப்போதுதான் தெரிந்தது, அவர் இதுவரை ஒரு நாளும் கிட்டாரை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. இடறாமல் வாசிக்க வந்தபிறகு கொண்டுபோகலாம் என்று லோரியிலேயே வைத்திருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வீட்டில் அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், இவர் மில் வாசலில் குலை லோரிகளுக்கு வாசித்துக் காட்டுகிறார். சத்தம் போட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஊருக்கே சுருதி சொல்லிக்குடுத்தவ அண்ணே. அவ முன்னாடி தப்பா வாசிக்க ரொம்ப சூசா இருக்கு, மனசு வரல.”

என் தொழில் லட்சணம்

புதுக் கம்பி போட்டால் நாலைந்து நாளைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கிவிடும், வாசிக்குமுன் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கவேண்டும். கம்பி மாற்றிய எல்லோருக்கும் இதைச் சொல்லி அனுப்புவேன். சத்தம் போட்ட வேகத்தில் முனியாண்டிக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் போனபிறகுதான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முதன்முதலாக மனைவி முன்னால் வாசிக்கப்போகிற மனிதரிடம் சுருதி இறங்குகிற கிட்டாரைக் கொடுத்தனுப்பிவிட்டோமே என்று அந்தச் சனி ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கும் அவர் வரவில்லை.

திங்கட்கிழமை குலை லோரி கடைக்கு எதிரே வந்து நின்றது. முனியாண்டி கிட்டாரோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. சனிக்கிழமை காலை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாராம். முதல் வரியிலேயே ஏதோ கோணலாகக் கேட்டிருக்கிறது, என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. அப்படியே வாசித்தார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த லெட்சுமி மெல்ல இந்தப் பக்கம் புரண்டார். அவரையே பார்த்தார். வாயைக் கோணி, இழுத்து இழுத்து, “சுதி… சேரல” என்றார். ஸ்ட்ரோக் வந்தபிறகு முதல் பேச்சு. “என்னைத் திட்டிட்டா அண்ணே, என்னைத் திட்டிட்டா” என்று முனியாண்டி திரும்பத் திரும்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இன்னும் முன்னேற்றம், “நிறுத்து” என்றிருக்கிறார். இடது பாதிக்கடையில் என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் உறை அடுக்கியிருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு தொழில்காரனுக்கு வரவேண்டிய புத்தி வந்தது. கொடுங்கள், இப்போதே சுருதி சேர்த்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். முனியாண்டி கிட்டாரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

“தொடாதீங்க அண்ணே. சரியா இருந்துச்சின்னா அவ என்னத்த சொல்லுவா?”

இத்தனை வருடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நான் சுருதி சேர்த்துக் கொடுத்த கிட்டார்கள் எத்தனையோ, வாடிக்கையாளர் கடை தேடி வந்து கண் கலங்கியது சேராமல் போன அந்த ஒன்றுக்குத்தான்.