கோணல் பத்ரோன்

சந்தேகப்படுவதில் குருசுமுத்துவை மிஞ்ச டென்மார்க்கின் ஹேர்னிங் ஊரில் ஆள் கிடையாது. தபால்காரன் சிரித்தால் ஏன் சிரித்தான் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மன்னாரில் விட்டுவிட்டு வந்த மனைவி மேரிகிறேசையும் கைக்குழந்தை மேர்சியையும் கூப்பிட எண்பத்தேழில் விண்ணப்பம் போட்டிருந்தார். ஒன்றரை வருடமாக 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான். தன்னைப்பற்றி யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று அவர் நம்பினார்.

தொழிற்சாலையில் அவருக்கு வேலை, கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை உருட்டி டயல் கேஜால் கோணல் பார்ப்பது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பிடித்துவிடுவார். அதனால்தான் எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பக்கத்து மெஷின்காரன் பொவுல் அவரிடம் வந்தான்.

"என்ர பத்ரோன் எல்லாம் கோணலாயிருக்கு. வீட்டை வந்து ஒருக்கா அளந்து பாக்கிறியா?"

குருசுமுத்துவுக்கு டேனிஷ் அரைகுறை. கோயில் ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். பத்ரோன் என்றதை அந்த ஆங்கிலத்துப் பேற்றன் என்று எடுத்துக்கொண்டார். பேற்றன் என்றால் பாதுகாவலரான புனிதர். புனிதர்களைத் தேடாத இந்த ஊரில் இவன் மட்டும் இரகசியக் கத்தோலிக்கனோ என்று வழியெல்லாம் யோசித்தார். மரச் சுரூபம் சாய்ந்து நிற்கும் என்று நினைத்து, கேஜோடு ஒரு நீர்மட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பொவுலின் நிலவறை மேசையில் சுரூபம் இல்லை. வரிசையாகத் துப்பாக்கித் தோட்டாக்கள் நின்றன.

குருசுமுத்து ஓரடி பின்வாங்கினார். இலங்கைத் தமிழன், தோட்டா, கைரேகை. இனி மேரிகிறேஸ் வந்த மாதிரித்தான்!

"இதுதான் பத்ரோன்," என்றான் பொவுல். டேனிஷில் தோட்டாவுக்கு அதுதான் பெயராம். மான் வேட்டைக்குத் தோட்டாவைத் தானே நிரப்புகிறவன் அவன். அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்கியது. "சன்னம், இந்த நுனியில இருக்கிற குண்டு, பித்தளைக் கோதுக்குள்ள நேரா நிக்குதில்லை. அதால குறி சிதறுது."

ஓடியிருக்கலாம். ஓடினால் அதுவும் சந்தேகம். குருசுமுத்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ உருட்டு, நான் பாக்கிறன்."

பொவுல் தோட்டாவைத் தாங்கியில் வைத்து உருட்ட, கேஜின் முள் பத்துக் கோடு ஆடியது.

"சன்னத்தில பிழை இல்லாமலும் இருக்கலாம். வெறுங்கோதின்ர கழுத்தை முதல் பார்."

சுட்ட கோதைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சுக்குள் போகுமுன் கழுத்து நேராக இருந்தது. போய் வந்த பின் கோணல். உள்ளே கழுத்தை விரிக்கிற குமிழ், வெளியே வரும்போது அதை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. கழுத்தின் உட்புறத்தில் மெல்லிதாக எண்ணெய் பூசி அச்சுக்குள் விட்டு, பிறகு துடைக்கச் சொன்னார். சன்னத்தைப் பாதி இறக்கி, கோதை அரைச் சுற்றுத் திருப்பி, மீதியை இறக்கச் சொன்னார். முள் இரண்டு கோட்டில் அடங்கியது. பொவுல் துள்ளினான். குருசுமுத்து விரல் நுனிகூடப் படாமல் வெளியேறினார்.

அடுத்த வாரமே மறுபடியும் 'பரிசீலனையில் உள்ளது'. போட்டுக்கொடுத்துவிட்டான்! அன்றிலிருந்து பொவுலோடு பேச்சை முறித்தார். அவன் வணக்கம் சொன்னால் கேஜைக் குனிந்து பார்ப்பார். சாப்பாட்டு மேசையையும் மாற்றிக்கொண்டார்.

வசந்தத்தில் பொவுல் ஒரு பத்திரிகையோடு அவருடைய மெஷினடிக்கு வந்தான். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடமே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்ததாம். இவருடையதை மட்டுமல்ல, எல்லாருடையதையும். குருசுமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீதான் பொலிசுக்குச் சொல்லிப்போட்டாயெண்டு நினைச்சன்," என்று போட்டுடைத்தார்.

"நானும் உன்னை நம்பேல்லை," என்றான் பொவுல். "கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டாய். உங்கட நாட்டுச் சண்டையில தோட்டா பிடிச்சுப் பழகின கை, அதை மறைக்கிறாய் எண்டு நினைச்சன்."

இருவரும் மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் மேரிகிறேசும் மேர்சியும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிப் போனது பொவுல்தான். குருசுமுத்து மகளைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார். ஐந்து வயதாகிவிட்ட மேர்சி தாயின் சேலையோடு ஒதுங்கி நின்றாள். தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, இந்த ஆள் ஆர்?"