பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கத்தி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. ஆனால் அவள் மனசு கிடந்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில். கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று கட்டியது. கார் வரவில்லை, உலை வந்துவிட்டது.

ஒருநாள் சாலையோரம் உடைந்து கிடந்த லாரியின் கமான் பட்டையை, அதாவது சக்கரத்துக்கு மேல் வில்லாக வளைந்திருக்கும் இரும்புப் பட்டையை, அவள் தூக்கிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்த பைத்தியம் அது. பழைய பிரேக் டிரம் ஒன்றுக்குள் களிமண் பூசி உலை ஆக்கினாள். காற்றடிக்கத் தன் ஹேர் டிரையரையே பொருத்தினாள். தண்டவாளத் துண்டு ஒன்று, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை ஆயிற்று. முதலில் அடித்த கத்தி தோசைத்திருப்பிக்குத் தம்பி மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அவள் கணவர் அதைக் கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"அவனவன் பொண்டாட்டி பூச்செடி வளர்க்கிறா. எனக்கு வாய்ச்சது வாள் அடிக்குது" என்பார் வாத்தியார். சொல்லிக்கொண்டே கரி மூட்டையையும் தூக்கி வந்து போடுவார்.

வருஷங்கள் போகப் போகக் கை பழகியது. இரும்பு எந்தச் சிவப்பில் அடிக்கு வளையும், எந்தச் சிவப்பில் எண்ணெயில் தோய்த்தால் இறுகும் என்பதெல்லாம் கண்ணுக்குப் படிந்துபோயிற்று. கத்திகளை அவள் விற்றதில்லை. சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பாள். நாத்தனார் ஒருத்தி தனக்குக் கிடைத்ததை வைத்துத் துருப்பிடித்த பூட்டை நெம்பினாள் என்று கேள்விப்பட்டபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பக்கத்து வீடு காலியாகி, அதில் ஒரு கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். அவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. தங்கமான மனிதர் என்று ஒரே மாதத்தில் தெரு முழுக்கப் பேர் வாங்கிவிட்டார். பை தூக்கி வரும் பெரியவர்களைக் கண்டால் பாதி தூரம் போய் வாங்கிக்கொள்வார். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மனைவிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேச்சு குறைவு.

ஒரு பிற்பகல் அந்தப் பெண் பின்பக்கமாகக் கொட்டகைக்கு வந்தாள். கையில் துண்டில் சுற்றிய கட்டு. பிரித்தாள். அவள் சமையலறையின் கத்திகள் எல்லாம் இருந்தன, அடியில் ஒரு கத்தரிக்கோலும்.

"சாணை பிடிக்கணுமாம்மா?"

"இல்லக்கா. மழுங்கடிச்சுத் தரணும்."

லென்ஸக்காவுக்குத் தான் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகமாகிவிட்டது. "மழுங்கடிக்கிறதா? எதுக்கும்மா?"

"அடிக்கடி கையை வெட்டிக்கிறேன்" என்றாள் அவள்.

லென்ஸக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். சின்னக் கீறல்கூட இல்லாத கைகள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மேலே கேட்க வாய் வரவில்லை. ஒவ்வொரு கத்தியின் வெட்டுவாயையும் கல்லில் குறுக்காகத் தேய்த்துச் சாகடித்தாள். எத்தனையோ கத்திக்கு உயிர் கொடுத்த கை. வேலை முடிந்ததும் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றியது.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கொட்டகை வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். ஆபீஸ் சட்டை, வாரிய தலை, கையில் அந்தக் கத்திகளில் ஒன்று. வந்தவர் முதலில் சிரித்தார். பிறகு கத்தியை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். தோலில் வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தது.

"இது தேஞ்சு போனது இல்லக்கா. தேய்ச்சது. கல்லோட கோடு தெரியுது பாருங்க. தெருவுல இந்த வேலை தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தானே?"

கோபமே இல்லாத குரல். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது.

"நான்தான் தம்பி கேட்டு வாங்கினேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "புதுக் கல் ஒண்ணு வாங்கியிருந்தேன். பழகிப் பார்க்கலாம்னு எடுத்து எல்லாத்தையும் கெடுத்துட்டேன். உங்க வீட்டுக்காரி மேல தப்பில்ல."

அவர் கத்தியைத் தண்டவாளத் துண்டின் மேல் வைத்தார். "அதனாலென்ன. ஈடா ஒண்ணு அடிச்சுக் குடுத்துடுங்க. மெலிசா, நீளமா. எலும்புல இடிக்காம சதையை மட்டும் பிரிக்கிற மாதிரி."

"மீனுக்கா?"

"ஆமா, மீனுக்குத்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் வந்தார். மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். எந்தக் கரி, எவ்வளவு சூடு, பழுத்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் போனால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு முறை சொன்னால் மறப்பதில்லை.

லென்ஸக்கா பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினாள். ஒரு அலகை வேண்டுமென்றே அளவுக்கு மீறிச் சூடாக்கிப் பாழாக்கினாள். அடுத்ததைத் தண்ணீரில் தோய்த்தாள். 'டிங்' என்று சின்னச் சத்தம் கேட்டது. நடுவில் முடி போல ஒரு விரிசல்.

"தண்ணியில தோய்க்கக் கூடாதுன்னு போன வாரம் நீங்களேதானே சொன்னீங்க?" என்றார் அவர், மெதுவாக. "அவசரமில்லக்கா. நான் காத்திருப்பேன்."

வாத்தியாரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "பாவம், வாயில விரலை வெச்சா கடிக்கத் தெரியாத மனுஷன். கத்தி கேட்டது ஒரு குத்தமா? நீ ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கலையா?"

அதற்குப் பிறகு அந்தப் பெண் வெளியே வருவதே நின்றுபோயிற்று.

அவளை அடுத்து லென்ஸக்கா பார்த்தது கண்ணாடிக் கடையில். கணவர்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "கண்ணாடியை மிதிச்சிட்டா. கவனமே கிடையாது" என்று கடை முதலாளியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் வருவதற்கு முன்னால் கண்ணின் பவர் எண் பார்த்து வைப்பதும் லென்ஸக்காவின் வேலை. கண் பார்க்கும் இருட்டறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு திரை மட்டும்.

லென்ஸக்கா அவள் முகத்தில் லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்டினாள். "மேல் வரியைப் படிம்மா" என்று உரக்கச் சொல்லிவிட்டு, காதருகே குனிந்தாள். "என்ன நடக்குது?"

அந்தப் பெண் எழுத்துகளைச் சத்தமாகப் படித்தாள். இடையிடையே குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"கண்ணாடியை உடைச்சது அவருதான். நான் மிதிச்சேன்னு சொல்லணும்... இப்ப ரெண்டு கதவுக்கும் வெளிய பூட்டுப் போட்டுட்டுத்தான் போறாரு. போனும் அவர்கிட்டதான்."

"கீழ் வரி?"

அதையும் படித்தாள். "அடிக்கிறதில்லக்கா. திட்டுறதுகூட இல்ல. டிராயரைத் திறந்து கத்தியை எல்லாம் எடுத்து மேசை மேல வரிசையா அடுக்குவாரு. என்னை எதிர்ல உக்கார வெச்சு, 'எது பிடிச்சிருக்கு, சொல்லு'ம்பாரு. சொல்ற வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டாரு."

லென்ஸக்கா அடுத்த லென்ஸைச் சட்டத்தில் செருகினாள். "என்கிட்ட மீன் கத்தி கேட்டிருக்காரே..."

"எங்க வீட்டுல மீனே வாங்கறதில்ல. அவருக்கு அந்த வாடையே ஆகாது."

"இன்னும் முடியலையா?" என்று திரைக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"ஒரு கண்ணு ஆச்சு தம்பி, இன்னொண்ணு இருக்கு" என்றாள் லென்ஸக்கா. அந்த இன்னொரு கண்ணைச் சோதிக்கும் நேரத்தில், வெளியூரில் இருந்த அக்காவின் போன் எண்ணை அந்தப் பெண் சொன்னாள். லென்ஸக்கா அதைக் கண் எண் எழுதும் சீட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனாள். பக்கத்து வீட்டின் பின்கதவில் புத்தம்புதுப் பூட்டு தொங்கியது. ஆள் ஆபீசில். உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வரும்போது, "இரும்பு அறுக்கிற ரம்பம் எங்க வெச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

பகலில் சந்து முழுக்க ஆள் நடமாட்டம். தெரு முழுவதும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம். பூட்டை அறுப்பதைப் பார்த்து யாராவது ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் போதும், காரியம் கெட்டுவிடும். சாயங்காலம் அவர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நேரந்தான் சரி. சம்மட்டிச் சத்தத்தில் ரம்பத்தின் சத்தம் கேட்காது. ஆனால் அவர் எழுந்திருக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, அவர் கேட்ட கத்தியை உண்மையாகவே அடிப்பது.

அன்று அவள் நல்ல பட்டையாகத் தேர்ந்தெடுத்து உலையில் வைத்தாள். அவர் உள்ளே வந்ததுமே கண்டுகொண்டார். "இன்னைக்குக் கை சரியா வருதுபோல?" என்று ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடித்தாள். அடி விழும்வரை ரம்பமும் ஓடும், அடி நின்றால் அதுவும் நிற்கும் என்பதுதான் வாத்தியாரோடு பேச்சு. இரும்பு ஆறினால் திரும்ப உலையில் வைத்தாக வேண்டும். அந்த மௌனம் வரும் ஒவ்வொரு முறையும் அவள் காது சுவருக்கு அப்பால் போயிற்று. ஒரு தடவை அவள் நிறுத்திய பிறகும் சுவருக்கு அப்பால் கிர்ரென்று ஒரு இழுப்பு கேட்டுவிட்டது.

அவர் தலையைச் சாய்த்தார். "என்ன சத்தம்?"

"இந்த ஹேர் டிரையர்தான். வயசாயிடுச்சு" என்று அதன் வேகத்தைக் கூட்டினாள். கரி சீறிக்கொண்டு எரிந்தது. அவர் பார்வை மறுபடியும் நெருப்புக்குத் திரும்பியது.

அலகு நீண்டது, மெலிந்தது. அவள் கையிலிருந்து அதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை. அந்த நிலையிலும் அதன் நேர்த்தியைப் பார்த்து மனசு ஒரு நொடி பூரித்தது. உடனே தன்மேலேயே அருவருப்பும் வந்தது. அதற்குள் சந்தில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்.

"வாத்தியார் எங்க கிளம்பிட்டாரு?"

"பால் தீர்ந்து போச்சு" என்றாள்.

வாத்தியார் அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிடும் நேரம் வேண்டுமே என்று இன்னும் தட்டி நேராக்கினாள். அரத்தால் ராவினாள். கடைசியாகக் காந்தம் ஒட்டாத சிவப்புக்குக் கொண்டுபோய் எண்ணெயில் இறக்கினாள். தீ குப்பென்று எழுந்து அடங்கியது. அரத்தை வைத்தால் வழுக்கியது. அலகு இறுகிவிட்டது.

"இதுதான்" என்றார் அவர், மூச்சை விட்டுக்கொண்டே.

"இன்னும் முடியல தம்பி. இளஞ்சூட்டுல வாட்டிப் பதப்படுத்தணும். அதுவரைக்கும் தொடக்கூடாது."

அவர் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். லென்ஸக்கா குறட்டில் அலகைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறையாக விளக்குப் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோதும் முகம் அதே மாதிரிதான் இருந்தது. அறுந்த பூட்டு கையில் இருந்தது.

"எங்க அவ?"

"எனக்குத் தெரியாது."

"சரி. கத்தியைக் குடுங்க." கையை நீட்டினார். "என்னுதுதானே அது?"

பதப்படுத்தாத அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் அடி தாங்காது. லென்ஸக்கா அதைத் தண்டவாள விளிம்பில் ஓங்கி அடித்தாள். மூன்று துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு அவர் செருப்பருகே போய் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். உடைந்த இடத்தில் மணல் போலத் தெரிந்த சாம்பல் நிற இரும்பு மணிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாத்தான் வந்திருந்தது" என்றார். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் பத்திரமாகத் தன் அக்கா வீடு போய்ச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் சொன்னார். லென்ஸக்காவைப் பார்த்தால் எப்போதும்போல, "சௌக்கியமா அக்கா?" என்பார். அவள் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாள். உலை பற்றவைக்க மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் வாத்தியார் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டங்... டங்... என்று சத்தம் வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"என்ன அது?" என்றார் வாத்தியார்.

அவளுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. முதலில் இரும்பு ஆறிப்போய், அடி கணீரென்று எதிரொலித்தது. கொஞ்ச நேர மௌனத்துக்குப் பிறகு வந்த அடிகள் மெத்தென்று விழுந்தன. சூடு சரியாக ஏறியிருக்கிறது.

"நான் சொல்லிக் குடுத்த மாதிரியே அடிக்கிறாரு" என்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவர் வீட்டுல அவர் இரும்பு அடிக்கிறது எப்படிம்மா குத்தமாகும்? நீங்களும் அடிக்கிறதாத்தானே சொல்றீங்க? பூட்டி வெச்சாருன்னா அந்தப் பொண்ணுல்ல வந்து சொல்லணும்?" வந்த வழியே திரும்பினார்கள்.

அந்தச் சத்தம் வெகுநாள் கேட்டது. கேட்கக் கேட்க அடி திருந்திக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு வாரம் சத்தமே இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் சாவியோடு வந்தபோதுதான், பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போனது தெரிந்தது. எங்கே போனார் என்று சொந்தக்காரருக்கும் தெரியவில்லை.

லென்ஸக்கா பின்கட்டுக்குள் போய்ப் பார்த்தாள். பிரேக் டிரம்மில் களிமண் பூசிய உலை. பெருக்கி ஓரமாகக் குவித்த சாம்பல். விரிசல் விட்ட சில அலகுகள் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தேறாதவற்றை எல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவள் அந்தப் பெண்ணின் அக்கா எண்ணை அழுத்தினாள். எடுத்தது அந்தப் பெண்ணேதான்.

"நல்லா இருக்கேன்க்கா. இங்க ஒரு வேலைகூடக் கிடைச்சிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். "என்னக்கா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"பக்கத்துல உங்க அக்கா இருந்தா போனைக் கொஞ்சம் குடும்மா" என்றாள் லென்ஸக்கா. "முதல்ல போய் வாசக் கதவைச் சாத்திட்டு வா."