கன்று குடித்தது என்றேன்

பாலும் தயிரும் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கும் என் மகள் போன மாதம் கேட்டாள்: "ஏம்மா, அப்பல்லாம் நம்ம வீட்டு மாட்டையெல்லாம் நல்லாத்தானே வச்சிருந்தீங்க?"

"பிள்ள மாதிரி பாத்துக்கிட்டோம்டி" என்றேன். அது பொய்.

திருவாரூர்ப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றுக்கு மருமகளாகப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபத்தேழில் ஆட்சி மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குறுவை அறுப்பு நெருங்கியதும், கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவரும் வரவில்லை. ஐம்பது வயதுக்காரர். நான் அவரை "வா, போ" என்றுதான் பேசுவேன். அவருக்கு நான் "சின்னம்மா."

வீட்டில் யாருக்கும் கறக்கத் தெரியாது. மாமனார் முயன்று உதை வாங்கினார். கன்றை அவிழ்த்துவிட்டிருக்கலாம். ஆனால் பக்கத்து ஊரிலிருந்து கறக்க ஆள் வருவான், பால் வீணாகக் கூடாது என்று அதைக் கட்டியே வைத்து, கஞ்சித் தண்ணீர் காட்டினோம். ஆள் வரவில்லை. பசு மடி கட்டிப்போய் இரண்டு நாள் கத்தியது.

மூன்றாம் நாள் காலையில் அவரே கொல்லை வேலியோரம் வந்து நின்றார்.

"மாடு கத்துறது எங்க தெரு வரைக்கும் கேக்குதுங்க ஐயா. சங்கத்துல சொல்லிட்டுத்தான் வந்தேன். கன்ன ஊட்ட விடுறேன். வீட்டுக்குக் கறக்க மாட்டேங்க."

மாமனார் தலையாட்டினார்.

வெந்நீரால் மடியைத் தடவி, கல்லாயிருந்த காம்புகளைப் பீய்ச்சித் தரையில் விட்டார். பிறகு கன்றை அவிழ்த்தார். நாலு வாய் ஊட்டியதும் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கட்டப்படும் கன்றைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். அன்று வாயில் நுரை வழிய, கண்ணை மூடிக் குடித்தது.

"நாளைக்கும் வரேன். கன்னக் கட்டாதீங்க, சின்னம்மா."

அவர் போனதும் மாமனார், "எப்படிக் கறக்குறான்னு பாத்தியில்ல? கட்டிப் போடு" என்றார். பார்த்திருந்தேன். எனக்கும் காப்பி வேண்டியிருந்தது. கட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் நாலு வாய் ஊட்ட விட்டு, கன்றை இழுத்துக் கட்டிவிட்டு நானே கறந்தேன். ஒரு செம்பு வந்தது. "கெட்டிக்காரி" என்றார் மாமனார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அன்றைக்குப் பூரித்துப்போனேன் என்பதுதான் இன்று அதிகம் கூசுகிறது.

மத்தியானம் அவர் வந்து மடியில் கை வைத்தார். முளையில் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"கன்னு குடிச்சிதாங்க?"

"குடிச்சிது."

ஒட்டிக் கிடந்த அதன் வயிற்றைப் பார்த்தார். அவிழ்த்துவிட்டார். அது வற்றிய மடியை முட்டி முட்டி ஓயும்வரை நின்றுவிட்டுப் போனார்.

கூலிப் பேச்சு முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். "வயலுக்கு வரேங்க. கொட்டகைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார் அவர். "திமிரப் பாத்தியா" என்றார் மாமனார். காரணம் தெரிந்த நான் வாய் திறக்கவில்லை. தினமும் கறந்துகொண்டிருந்தேன்.

காளைக் கன்றுதானே என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் செத்துப்போனது. தூக்கிப்போட அவரைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். நனைந்துகொண்டே வந்தார். நான் கொட்டகை வாசலை மறித்து நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சின்னம்மா" என்றார்.

தள்ளி நின்றேன்.