ரங்கசாமி அண்ணன் சுரண்டிய சிவப்புக் குறிகள்

போன வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சூலூரிலிருந்து கலாமணி பேசினாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். நான் நாற்காலியைத் தேடி உட்கார்வதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. "கொண்டுபோற வண்டி வந்து நிக்குதுங்க. அதுல மூணு எடத்துல அந்தக் குறி இருக்குது. என்ன பண்றதுங்க?"

அவள் அப்பாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ரங்கசாமி அண்ணன். மருந்துக்கடைகளிலும் கார்களிலும் இருக்கும் சிவப்புக் கூட்டல் குறியை எடுக்கச் சொல்வதையே அதன்பிறகு வேலையாக வைத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைத்தது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை மருத்துவத்துக்கான அடையாளம் அல்ல. போரில் காயம்பட்டவரையும் அவரைக் காப்பவரையும் தாக்காதே என்பதற்கான அடையாளம். நம் சட்டப்படி அது படை மருத்துவப் பிரிவுக்கும் அந்தப் பெயருள்ள சங்கத்துக்கும் மட்டுமே உரியது. "மருந்து இங்க கெடைக்கும்னு அது சொல்லலீங்க. சுடாதேன்னு சொல்லுது. அவ்வளவுதானுங்க" என்பார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். காந்திபுரத்தில் நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பினால், கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த சிவப்புக் குறியருகே ஒருவர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, டாக்டருங்களா?"

"என் மனைவி பல் டாக்டர்."

"அப்புடிங்களா. அம்மணி எந்தப் போர்க்களத்துல பல்லுப் புடுங்கறாங்க?"

சட்டைப்பையிலிருந்து சுவருக்குப் பட்டி பார்க்கும் சின்னத் தகடு ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்த ஸ்டிக்கர் இருந்தவரை போலீஸ்காரர் ஒருவரும் என்னை நிறுத்தியதில்லை. அவ்வளவு மரியாதையை ஒரே நாளில் துறக்க மனம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் எடுத்தேன், அதுவும் அவர் தம்பியின் கதையைக் கேட்டபிறகு.

கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி வேலைநிறுத்தம் நடந்த சமயம். நூல் ஏற்றிய வேன் ஒன்று இந்தக் குறியை ஒட்டிக்கொண்டு மறியலைத் தாண்டிப் போக முயன்று பிடிபட்டது. மறுநாள் நெஞ்சுவலி வந்த தம்பியை ஏற்றிக்கொண்டு அண்ணன் ஆம்புலன்ஸில் வந்தார். வேலைநிறுத்தக்காரர்கள் மறித்தார்கள். கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சருக்கு அடியில் குனிந்து நூல்கோன் தேடினார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்கள். தம்பி இவர் கையைப் பிடித்திருந்தாராம். அவர்கள் பின்கதவை மூடும்போது அந்தப் பிடி விட்டுப்போயிற்று.

"அவங்க மேல தப்பில்லீங்க" என்றார் அண்ணன். "நேத்து அந்தக் குறி பொய் சொல்லிப்போட்டுது. இன்னைக்கு யாரு நம்புவாங்க?"

இதற்குப்பின் அவர் விண்ணப்பங்களுக்கு வேகம் கூடியது. சிவப்புக்குப் பச்சை அடிக்கச் சொன்னால், "காய்கறிக் கடைன்னு நெனச்சு வெண்டைக்காய் கேப்பாங்க, போங்க பெருசு" என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். அண்ணன் கோபிக்கவில்லை. மறுநாள் பச்சைப் பெயின்ட் டப்பாவோடு போய் நின்றார்.

வெள்ளிக்கிழமை நான் சூலூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் ஆளாளுக்குக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் இரு பக்கமும் பின்கதவிலுமாக மூன்று குறிகள். கலாமணி வாசலை மறித்து நின்றாள். "எங்கப்பாவ இதுல ஏத்த உடமாட்டேனுங்க."

"அம்மணி, அது இருந்தாத்தான் ரோட்டுல வழி உடறாங்க" என்றார் டிரைவர்.

"செத்தவருக்கு என்னங்க அவசரம்?"

அவள் அப்பாவின் தகட்டை என்னிடம் நீட்டினாள். இந்தமுறை வாங்கிக்கொண்டேன். முதல் குறி வெயிலில் காய்ந்து, பொடிப்பொடியாக வந்தது. பத்தாகிவிட்டது. என் விரலில் ரத்தம். ஒரு மாமா என் காதருகே நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் டிரைவருக்கே பொறுக்கவில்லை. "அப்புடி இல்லீங்க சார், சுடுதண்ணி ஊத்துனா லேசா வந்துரும்" என்றார். அண்ணனைக் குளிப்பாட்டக் காய்ச்சியதில் அரை அண்டா மிச்சம் இருந்தது. அவர் ஊற்றினார், நான் சுரண்டினேன். பத்து இருபத்தைந்துக்கு வண்டி கிளம்பியது.

டிரைவர் சொன்னது சரிதான். வழியில் ஒருவரும் ஒதுங்கவில்லை. சிக்னலில் பால் வண்டிக்குப் பின்னால், தன் முறை வரும்வரை அண்ணன் காத்திருந்தார்.

தகட்டை நானே வைத்துக்கொள்ளச் சொன்னாள் கலாமணி. காரில்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே ஒதுங்கிவிடுகிறேன். ஒதுங்கும்போதே, உள்ளே இருப்பது நோயாளியா நூலா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கிறது. அதைச் சுரண்டத்தான் இந்தத் தகட்டால் முடியவில்லை.