வாய்க்காலில் போன பிளாட்டினம்

காரின் புகைக்குழாயில் இருக்கும் பெட்டியை உருக்கினால் பிளாட்டினம் சொட்டுச் சொட்டாக வடியும் என்று நான் மனதார நம்பினேன். நாற்பத்தெட்டு வயது, பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கும் தொழில், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அப்படியும் நம்பினேன்.

காரணம் ஆசை மட்டுமல்ல, பகை. உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில் எங்கள் குடும்பம் பயந்துபோய் நிலத்தைக் கண்டவர் பெயரிலெல்லாம் எழுதிவைத்தது. என் கொட்டகை நிற்கும் முப்பது குழி நிலம் பெரியப்பா பெயருக்குப் போயிற்று. அனுபவிப்பது நீங்கள்தான் என்று வாயால் சொன்னார்கள். பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், வாய்ப்பேச்சு செல்லாது என்று காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அவர் வேட்டியில் ஒரு கட்சிக் கரை, என் வேட்டியில் எதிர்க்கட்சிக் கரை. ஆட்சி மாறும்போதெல்லாம் தாலுகா ஆபீசில் ஒருவருக்கு நாற்காலி கிடைக்கும், மற்றவருக்கு வாசற்படி. கல்யாணப் பந்தியில்கூட ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித்தான் உட்காருவோம்.

சென்னையிலிருந்து மாதாமாதம் வரும் ஒரு வியாபாரி, நான் கழற்றிப் போட்ட புகைக்குழாய்க் கன்வெர்ட்டர் பெட்டிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார். ஒருநாள் டீ குடிக்கும்போது, உள்ளே பிளாட்டினம் இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றோடு அவருக்குப் பெட்டி கொடுப்பதை நிறுத்தினேன். பிளாட்டினத்தை நானே எடுப்பது, பெரிய வக்கீலாகப் பிடிப்பது, கொட்டகையை மீட்டு அண்ணனை மண்ணைக் கவ்வவைப்பது. திட்டம் அவ்வளவுதான்.

பெட்டியை அறுத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி சாம்பல்நிறப் பீங்கான். இரண்டு கோணிச் சாக்கில் கட்டிக்கொண்டு சுவாமிமலைக்குப் போனேன். வெண்கலத்தைத் தண்ணீராக்குகிறவருக்கு இது எம்மாத்திரம் என்று நினைப்பு. தெரிந்த ஸ்தபதி ஒருவர் ஒரு துண்டை மூசைக் கிண்ணத்தில் போட்டு உலையில் வைத்தார். வெகுநேரம் கழித்துக் கவிழ்த்தார். போட்டது போட்டபடி, கோபத்தில் சிவந்த முகம் மாதிரி விழுந்தது.

"இது செங்கல் சாதிங்க. உருகாது. உள்ள பிளாட்டினம் இருந்தாலும் நம்ம உலைக்கு மசியாது. சாமி வேணும்னா சொல்லுங்க, வார்த்துத் தர்றேன்."

உருகாவிட்டால் கரையட்டும் என்று, அரைகுறையாகக் கேட்டதை நம்பி, கொட்டகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் டிரம்மில் பீங்கானைப் பொடித்துப் போட்டு அமிலத்தை ஊற்றினேன். செம்மஞ்சளாகப் புகை எழுந்தது. தொண்டை எரிந்தது. தலைதெறிக்க ஓடினேன். ஓடியபோது என் கால்தான் டிரம்மை இடித்தது. திரும்பிப் பார்த்தால், அத்தனையும் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அண்ணனின் சம்பா நாற்றங்கால் மஞ்சளாகிக் கருகியது.

மனைவி பேராவூரணியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே மூளையும் ஊரில் இல்லை. ஆறு மூட்டைச் சுண்ணாம்பை வாங்கி வாய்க்காலில் கொட்டினேன். அமிலத்தை அடக்கிவிடலாம் என்று எண்ணம். தண்ணீர் பாலாகி, ஊரே பார்க்கும்படி ஆயிற்று. முழங்கால் வரை வெள்ளையடித்த கம்பம் மாதிரி நான் நின்றபோது அண்ணன் கரையில் வந்து நின்றார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே ஒப்பித்தேன்.

"அண்ணே, வேணும்னு செய்யல. ஆசிட் டிரம்மு சாஞ்சிடுச்சு. உங்க நாத்து..."

அவர் என் காலைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். மேற்கே திரும்பித் தம் நாற்றங்காலைப் பார்த்தார். சற்று அதிகமாகவே யோசித்தார்.

"ரெண்டு வேலி நெலத்துக்கு விட்ட நாத்துடா. போலீசுக்குப் போவட்டுமா, பொல்யூஷன் ஆபீசுக்குப் போவட்டுமா? ரெண்டும் வேணாம்னா கொட்டகை எடத்துல உனக்குப் பாத்தியதை இல்லேன்னு எழுதிக் குடு."

"இப்பவேவாண்ணே?"

"நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா. குளிச்சிட்டு வா."

மறுநாள் குளித்துவிட்டுப் போனேன். விடுதலைப் பத்திரத்தில் போட்ட கையெழுத்து யாருடையதோ போல விழுந்தது. பத்திரம் எழுதியவர் இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாவது முறை இன்னும் மோசம். வெளியே வந்ததும், ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டாரே என்று அண்ணனுக்கு நன்றி வேறு சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் மனைவி திரும்பினாள். எல்லாவற்றையும் சொன்னேன், புகையிலிருந்து பத்திரம் வரை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்க வயல் மேல்மடைங்க. நம்ம கொட்டகையில கொட்டுனது எப்படிங்க மேல ஏறிப் போச்சு?"

பிறந்ததிலிருந்து அந்த வாய்க்கால் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மேலே மடையை அடைத்துக் கடைமடையில் என் வயலைக் காயப்போடுகிறார் என்று இதே அண்ணனோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றவன். அந்த ஒரு வாரம் மட்டும், என் கணக்கில், காவிரியே திரும்பி மேட்டூருக்கு ஓடியிருக்கிறது.

அண்ணன் வயலில் மருந்து தெளித்த ஆளே பிறகு டீக்கடையில் சொன்னார். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவாமல், அதிலேயே பூச்சிமருந்தைக் கலந்து நாற்றுக்கு அடித்துவிட்டாராம். கருகியது அதனால். கரையில் வந்து நின்றபோதே அண்ணனுக்கு அது தெரியும்.

கொட்டகை இப்போது அவருடைய உரக்கிடங்கு. அமிலம் கிழக்கே இறங்கி என் வயலுக்குத்தான் போயிற்று. மடைவாய்ப் பக்கம் இரண்டு போகம் ஒன்றும் விளையவில்லை. பிளாட்டினமும் அங்கேதான் கிடக்கிறது.