விசில் அக்கா வாங்கிய ஆறு

கல்லூரியில் எல்லோரும் அவரைக் ‘கவனம் சார்’ என்றுதான் சொல்வார்கள். உளவியல் பேராசிரியர். மனிதனின் கவனம் எப்போது நிற்கிறது, எப்போது நழுவுகிறது என்று பதினெட்டு வருஷமாக ஆராய்கிறவர். அவரே சில நாள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புவார். பல் டாக்டரான அவர் மனைவி, “ஊருக்குத்தான் உபதேசம்” என்று முணுமுணுத்தபடி சரிசெய்து அனுப்புவார்.

அவருடைய சோதனை எளிமையானது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. திரையில் ஒரு கடிகார முள் நொடிக்கு ஒரு கட்டமாக நகரும். எப்போதாவது ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்கும். குதித்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நாற்பது நிமிஷத்தில் இருபது குதிப்பு. நடுவில் பக்கத்து மேஜையில் செல்போன் அதிரும், யாராவது கதவைத் தட்டுவார்கள், வெளியே சிரிப்பொலி கேட்கும். எல்லாம் சாரின் ஏற்பாடு. மாணவர்கள் சராசரியாகப் பதினான்கைப் பிடிப்பார்கள்.

கவனத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் எத்தனை பிடிப்பார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை வந்தது. மூன்று பேரை அழைத்தார். கிரேன் ஓட்டுபவர் பதினேழு. பஸ் டிரைவர் பதினாறு. நகராட்சி நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருக்கும் ‘விசில் அக்கா’ ஆறு.

“ஆறுதானா?” சாருக்கு நம்ப முடியவில்லை.

“பாதியிலயே கண்ணு சொக்கிடுச்சு சார். அந்த முள்ளு குதிச்சா யாருக்கு என்ன?” என்று சிரித்துவிட்டு அந்த அம்மாள் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்.

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளத்தில்தான் அவர் மனைவி வாரம் மூன்று நாள் நீந்துகிறார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “இனிமே நீ அங்க போக வேண்டாம்” என்றார். குளத்தின் மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதி உறையில் போட்டுவிட்டார்.

மனைவி முழுசாகக் கேட்டார். “ஒரு மனுஷியோட பொழைப்புல கை வைக்கிறீங்க. முதல்ல அவங்க வேலை செய்யறதைப் போய்ப் பாருங்க. அப்புறம் கடிதம் குடுங்க.”

மறுநாள் காலை பத்து மணிக்குச் சார் நோட்டும் பேனாவுமாகக் குளத்தங்கரையில் நின்றார். உறை சட்டைப் பையில் இருந்தது. உயரமான நாற்காலியில் விசில் அக்கா. ஆழமில்லாத பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குளத்தையே இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி, “காப்பாத்துங்க! காப்பாத்துங்க!” என்று அலறினாள். அக்கா திரும்பக்கூட இல்லை. சார் அவசரமாக எழுதினார்: ‘அலறலைக் கவனிக்கவில்லை!’ ஆச்சரியக்குறியை அழுத்திப் போட்டார்.

“எத்தனை வருஷமா இந்த வேலைல இருக்கீங்க?”

“பதினொண்ணு, சார்” என்றார் அக்கா, தண்ணீரை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

“வேலை நேரத்துல வேற நினைப்பு வருமா?”

“வராம என்ன சார், குழம்புக்கு உப்பு போட்டேனான்னு...”

பதில் அந்தரத்தில் நின்றது. நாற்காலி காலி. ஆழமான பக்கத்தில் ‘தொபுக்’ என்று ஒரு சத்தம். சார் பார்த்தபோது, கொஞ்ச நேரமாக முகத்தை வானத்துக்குக் காட்டி நிம்மதியாக மிதப்பதுபோல் தெரிந்த ஒரு பருமனான மனிதரை அக்கா அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். கரையேறியவர் ஐந்து நிமிஷம் இருமினார். காலில் தசை பிடித்துக்கொண்டதாம். மூச்சு வந்ததும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “ஒண்ணுமில்ல, சும்மா மிதந்துட்டு இருந்தேன்” என்றார்.

சாரும் அதே தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே தெரியவில்லை.

வேறொருவர் நாற்காலியில் ஏறியபின், துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டார். “அந்தப் பொண்ணு அவ்வளவு கத்துச்சு, திரும்பல. இவர் வாயே திறக்கல. எப்படித் தெரிஞ்சுது?”

“கத்துறதுக்கு மூச்சு வேணும்ல சார்? அந்த வாண்டுக்கு அது நிறையவே இருக்கு. முழுகப்போறவங்க சத்தம் போட மாட்டாங்க. இவரு எப்பவும் புஸ்ஸு புஸ்ஸுன்னு காலை அடிச்சுக்கிட்டே இருப்பாரு. அது நின்னுபோச்சு.”

“நான் பேசினது உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சா?”

“இருந்துச்சு. படிச்ச மனுஷர்கிட்ட வாயை மூடுங்கன்னு எப்படிச் சொல்றது?”

சார் உறையை எடுத்துக் காட்டி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். சொல்லும்போதே காது சிவந்தது. “கிழிச்சிருங்க சார். அதை யாராச்சும் நம்பித் தொலைச்சிருந்தா?” என்றார் அக்கா. சார் கிழித்தார்.

பதினெட்டு வருஷமாகச் சத்தத்தை வைத்தே சோதித்தவருக்கு, ஒரு சத்தம் நிற்பதைக் காது கொடுத்துக் கேட்கும் ஆட்கள் இருப்பார்கள் என்று தோன்றியதே இல்லை. புதுச் சோதனையை அக்காவோடு உட்கார்ந்தே வடிவமைத்தார். குளத்தைப் படம்பிடித்து, நீந்துகிறவர்களில் இருபது பேரை நடுவில் அசைவை நிறுத்தச் சொன்னார்கள். மாணவர்கள் சராசரியாக ஏழு பேரைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து குளங்களிலிருந்து வந்த லைஃப்கார்டுகள் சராசரியாகப் பதினாறு பேரை. முடிவுகளை எழுதிய கட்டுரையை முதல் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழ் வெளியிட்டது. நன்றி சொல்லும் பகுதியில் முதல் வரி அக்காவுக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சார் நீச்சல் கற்றுக்கொள்கிறார், ஐம்பத்து மூன்று வயதில். ஆழமான பக்கம் போக இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. பாதி நீச்சலில் அடுத்த சோதனையைப் பற்றி நினைப்பு வந்துவிடுகிறது, கை நின்றுவிடுகிறது. உடனே விசில் அலறும்.

“தண்ணிக்குள்ள யோசிக்காதீங்க சார்!”